சாந்து வைக்காத சுவர்

அந்த ஆண்டு ஷூப் வீட்டுக்கு எலி வரவில்லை.

இதெல்லாம் ஒரு சேதியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஹார்னர்ஸ்வில்லில் இது சேதிதான். செப்டம்பர் முடிந்து சோளக்காடு அறுப்பானதும், வடகிழக்குப் பென்சில்வேனியாவின் வயலெலிகள் அத்தனையும் மூட்டை முடிச்சோடு மலையடிவார வீடுகளுக்குக் குடியேறிவிடும். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் காபிக் கோப்பையோடு நிற்கும் பெண்கள் பிரசங்கத்தைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. யார் வீட்டுப் பொறியில் எத்தனை விழுந்தது என்பதுதான் பேச்சு. ட்ரூடி ஹெஸ் வீட்டில் பதினேழு. போதகர் வீட்டிலேயே ஒன்பது. அர்லீன் ஷூப் வீட்டில் ஒன்றுகூட இல்லை. பொறிகளில் அவள் தடவிவைத்த வேர்க்கடலை வெண்ணெய் வெடிப்புவிட்டுக் காய்ந்து கிடந்தது.

"எலிக்குக்கூட உன் கைப்பக்குவம் தெரிஞ்சுபோச்சுடி," என்றாள் ட்ரூடி.

அர்லீன் சிரித்துவைத்தாள். புருஷன் கட்டிய புது அறையின் கெட்டித்தனம் அது என்று நாலு பேரிடம் பெருமையும் அடித்துக்கொண்டாள். ஆனால் முப்பத்தோரு ஆண்டுகளாகச் சுவருக்குள் எலி ஓடும் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவளுக்கு, இந்த அமைதி என்னவோபோல் இருந்தது. பேசிக்கொண்டிருந்த கூட்டம் யாரோ உள்ளே வந்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டது மாதிரி.

புது அறையின் கதை ஊருக்குப் பாதிதான் தெரியும். எல்வுட் ஷூப் நாற்பது ஆண்டுகளாகக் கல் கொத்தன். நியூயார்க்கிலிருந்து சனி ஞாயிறுக்கு மட்டும் வந்துபோகும் பணக்காரர்களுக்கெல்லாம் நீலப்பலகைக் கல்லில் படியும் முற்றமும் போட்டுக்கொடுத்தவன் வீட்டு வாசலில் மட்டும் ஒட்டுப்பலகைப் படி. அர்லீன் சொல்லிக்காட்டிச் சொல்லிக்காட்டி, ஒருவழியாக இந்தக் கோடையில் வீட்டின் பின்புறச் சரிவைத் தோண்டி, தெற்கே முழுக்கக் கண்ணாடி வைத்து, வெயில் அறை ஒன்று கட்டினான். மலையை ஒட்டிய பக்கம் ஆளுயரக் கல்சுவர். அதில் ஒரு கரண்டி சாந்து கிடையாது. சாந்து வைத்துக் கட்டுகிறவனைக் கொத்தன் என்றே எல்வுட் ஒப்புக்கொள்ளமாட்டான். கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அது எங்கே உட்கார ஆசைப்படுகிறதோ அங்கே உட்கார வைக்கவேண்டும் என்பான். எல்லாம் கிழட்டுக் கல், மஞ்சளும் கறுப்புமாகப் பாசி பூத்தது. அந்தப் பாசிக்கென்றே பணக்காரர்கள் மயங்குவார்கள்.

ஊருக்குத் தெரியாத பாதி, கல் வந்த வழி. மேலே அரசாங்க மலையில் ஏதோ ஒரு சரிவிலிருந்து, ஜூன் மாதத்து விடியற்காலைகளில் எல்வுட் அதை எடுத்துவந்தான். லாரி போனால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் ட்ரூடி ஜன்னலுக்கு வருவாள். ட்ரூடி ஜன்னலுக்கு வந்தால் மாவட்டமே வந்த மாதிரி. அதனால் அப்பன் காலத்துக் கல்சறுக்கைத் தூசி தட்டி எடுத்தான். சக்கரமில்லாத, இரண்டு கட்டைகளின் மேல் பலகை அடித்த பழைய சாமான். அதைக் கிழட்டுக் குதிரையில் பூட்டி, கைவிடப்பட்ட கல்லுக்குழிப் பாதை வழியாகத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்தான். அர்லீன் கீழே ஓடைக்கரையில் நின்று கேட்டைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் பங்கு. மேலே போய் எந்த இடமென்று பார்த்ததில்லை. பார்க்காதவரை திருட்டில்லை என்பது அவள் கணக்கு.

செப்டம்பரில் எல்வுட் ஒரு சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பை முறித்துக்கொண்டான். தொடைவரை மாவுக்கட்டு. மாடிப்படி ஏற முடியாதென்று கட்டிலை வெயில் அறைக்கே இறக்கிவிட்டார்கள். ஊர் முழுக்க வந்து பார்த்தது. காலை இல்லை, சுவரை.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலையில் வானொலி, இரவு இந்த ஆண்டின் முதல் உறைபனி என்று சொன்னது. அர்லீன் கல்சுவரை ஒட்டி நின்ற இரும்புக் கணப்பில் முதல்முறையாக விறகு அடுக்கி நெருப்பு மூட்டினாள். கட்டிலையும் அரையடி அதன் பக்கம் தள்ளினாள். கணப்பு சூடேறி, டிக் டிக் என்று விரிந்தது. அதற்குப் பின்னால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, பழைய செய்தித்தாளை யாரோ மெல்ல, மிக மெல்ல இழுப்பது போன்ற ஓர் உரசல். இரண்டு வாரமாக அவளுக்கு அது கேட்கிறது. கூடவே ஒரு வாசம். வெட்டி வைத்து மறந்துபோன வெள்ளரிக்காயின் ஈர வாசம். தோட்டத்தில் வெள்ளரிக்கொடியைப் பிடுங்கி ஒரு மாதமாகிறது.

"மறுபடி கேக்குது," என்றாள், அவன் முகத்துக்கு நேரே குனிந்து.

"கல்லு உக்காருது அர்லி. புதுச் சுவரு ஒரு வருஷம் உக்காரும்."

"உனக்குக் கேக்குதா?"

"கேக்காது. ஆனா தெரியும்."

இதுதான் எல்வுட். கல் அறுக்கும் வாள் அவன் காதிலிருந்து கீச்சுக்குரலையெல்லாம் தின்றுவிட்டது. குருவி, கெட்டில் விசில், தொலைபேசி மணி எதுவும் கேட்காது. இடியும் டிராக்டரும், கிட்டே நின்று கத்தினால் பெண்டாட்டியும் கேட்கும். அதனால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்பது அவன் எண்ணம். ரொட்டியும் பிளாஸ்கில் காபியும் வைத்துவிட்டு, தொலைபேசியைக் கட்டிலடியில் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் வைத்தாள். வாசலில் ட்ரூடியின் கார் இரண்டு தடவை உறுமியது. புதன்கிழமை தேவாலயப் பெண்களின் மலைநடை. ஒன்பது பேராகத் தொடங்கி, முழங்கால் வலி ஆளை ஆளாய்க் கழித்துக்கட்டியதில் இப்போது மிஞ்சியது இவர்கள் இருவர்.

"போயிட்டு வா. நான் எங்க ஓடிப்போவப் போறேன்," என்றான் எல்வுட்.

மலையில் இலைகள் பழுத்திருந்தன. வெயில் இருந்தது, சூடு இல்லை. ட்ரூடி மூச்சுவாங்கிக்கொண்டே, மூச்சு வாங்குவதை ஒரு தடையாகவே எடுத்துக்கொள்ளாமல், போதகரின் மச்சினன் விவாகரத்திலிருந்து புது மளிகைக்கடைக்காரரின் முடிச்சாயம் வரை வந்துசேர்ந்தபோது, பாதை மேட்டில் திரும்பியது. அங்கே ஒருவன் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினான்.

லியோன் வோய்ட்டெக். இருபது ஆண்டுகள் பள்ளிப்பேருந்து ஓட்டியவன். இப்போது வனவிலங்குத் துறைக்காகச் சம்பளமில்லாமல் பாம்பு எண்ணுகிறவன். பெண்டாட்டி விட்டுப்போனதற்கு ஊர் சொல்லும் காரணமும் அதுதான். கையில் நீளமான கொக்கிக்கம்பு.

"அங்கயே நில்லுங்க," என்றான் தணிந்த குரலில். "ட்ரூடி, இடது காலுக்கு ரெண்டு அடி தள்ளி."

அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. அது கிலுகிலுப்பை மாதிரியே இல்லை. வாணலியில் கொதிக்கும் எண்ணெய்மேல் தண்ணீர் தெளித்தது மாதிரி, காய்ந்த விதைகள் நிறைந்த ஒரு தோட்டமே நடுங்குவது மாதிரி, எங்கிருந்து என்று சொல்லமுடியாமல் நாலு பக்கமும் எழுந்தது. கை தடிமனில் ஒரு பாம்பு. மஞ்சளில் கறுப்புப் பட்டைகள், வால் முழுக் கறுப்பு. ட்ரூடி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டாள்.

லியோன் கம்பை நீட்டிப் பாம்பைப் பாதையோரமாக நகர்த்தினான். அது அவசரமில்லாமல் போயிற்று.

"கிலுகிலுப்பைப் பாம்பு," என்றான். "வாலக் கிலுக்கிச் சொல்லிட்டுத்தான் கடிக்கும். இதவிட மரியாதை தெரிஞ்ச ஜீவன் இந்த மாவட்டத்துல கிடையாது. சத்தம் கேட்டா நின்னுடணும், அவ்வளவுதான். கேட்டு நின்ன யாரையும் அது தொட்டதில்ல."

கேட்டு நின்ன. அர்லீனுக்குள் ஏதோ ஒன்று சின்னதாக இடறியது. ஏனென்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

"அடிச்சுப் போட வேண்டியதுதானே," என்றாள் ட்ரூடி, குரல் திரும்பியதும்.

"அடிச்சா நீங்க உள்ள போவீங்க. இது சட்டம் காக்குற பாம்பு. இருக்கிறதே கொஞ்சம். இந்த மலையில முப்பத்தெட்டு எண்ணியிருந்தேன்." அவன் கம்பால் மேலே காட்டினான். "வந்து பாருங்க, என்ன பண்ணி வச்சிருக்கானுங்கன்னு."

தெற்குப் பார்த்த சரிவு. நடுவில் பல் பிடுங்கிய வாய் மாதிரி பச்சைமண் தெரியும் ஒரு பள்ளம். சுற்றிலும் மிச்சமிருந்த கற்கள் பலகை பலகையாகச் சாய்ந்து கிடந்தன. பழைய கல். மஞ்சளும் கறுப்புமாகப் பாசி.

அர்லீன் அந்தப் பாசியையே பார்த்தாள்.

பள்ளத்தின் ஓரத்தில் மூன்று பாம்புகள் கிடந்தன. ஒன்று மண்ணில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தது. ஒரு விரல்கடை தள்ளி மறுபடி அழுத்தியது. இருட்டில் சாவித்துவாரம் தேடுகிறவனைப் போல.

"இதான் அதுங்க குளிர்கால வீடு. யாரோ கோடையில வந்து கூரையையே பேத்துட்டுப் போயிருக்கான். அப்ப பாம்பெல்லாம் காட்டுல மேயப் போயிருக்கும், ஒண்ணுகூட அவன் கண்ணுல பட்டிருக்காது."

"வீடு போனா வேற வீடு பாத்துக்குது," என்றாள் ட்ரூடி. "என் மருமகன் மூணு மாத்திட்டான்."

"உன் மருமகனுக்குப் புத்தி இருக்கு. இதுக்கு இந்த ஒரே குழிதான் தெரியும் ட்ரூடி. தாய் போன தடத்த மோந்துகிட்டே குட்டி இங்க வரும். அது குட்டி அது தடத்த. எத்தன நூறு வருஷமோ. மூக்கு என்ன சொல்லுதோ அங்கதான் போவும், செத்தாலும்."

"ராத்திரி உறைபனின்னாங்களே."

"ஆமா. வெளிய கெடக்கறது விடியறதுக்குள்ள செத்துரும்." லியோன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "என் கவலை அது இல்ல. இங்கயே தங்கினது மொத்தம் நாலு. மிச்சம் முப்பத்துநாலு எங்க?"

சருகு ஒன்று விழுந்தது.

"மூணு வாரமாப் பாக்கறேன். காட்டுலேருந்து நேரா இங்க வருது. மண்ண மோந்து பாக்குது. அப்புறம் திரும்பிக் கீழ போவுது. கோடு போட்டாப்புல ஒண்ணு பின்னால ஒண்ணா, அந்தப் பழைய கல்லுக்குழிப் பாதையில. அதுல எதையோ இழுத்திருக்காங்க. டயர் தடமா இருந்தா எப்பவோ ஆளப் பிடிச்சிருப்பேன். தரையோட தேச்சுகிட்டே இழுத்திருக்கான். கல்லுல ஊறின வாசம் வழியெல்லாம் ஒட்டியிருக்கும்."

ஜூன் மாதத்துப் பனியில், கல்சறுக்கு புல்லை நசுக்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்த அந்த ஈரச் சத்தம் அர்லீனின் காதில் கேட்டது. ஒருமுறை இல்லை. ஏழு விடியல்.

"கீழ போய் என்ன பண்ணும்?" என்று கேட்டது தன் குரல்தான் என்று அவளுக்குச் சற்றுப் பொறுத்தே தெரிந்தது.

"இதே மாதிரி ஒரு இடம் கெடச்சாப் பொழைக்கும். தெக்க வெயில் படணும். சரிவ ஒட்டி இருக்கணும். மண்ணு அடைக்காம கல்லுமேல கல்லு, இடுக்கு வழியாப் பனி தொடாத ஆழம்வரை போவணும். அப்படி இன்னொண்ணு இந்தப் பக்கத்துல கிடையாது. மனுசன் கட்டவும் முடியாது."

மனிதன் கட்டினான். ஏழு வாரத்தில். ஒரு கரண்டி சாந்து இல்லாமல்.

எலி வராதது அவளுக்கு அப்போது புரிந்தது. எலிகள் வந்திருக்கின்றன.

ட்ரூடி சிரித்தாள். "எவன் வீட்டு அடியிலயாவது போய்ப் படுத்திருக்கும்."

"படுத்தா ஒண்ணும் ஆகாது. குளுந்துடுச்சுன்னா மரக்கட்டை. ஏப்ரல் வரைக்கும் அசையாது, பக்கத்துல பாய் போட்டுத் தூங்கலாம்." லியோன் கம்பை மண்ணில் குத்தினான். "சூடு பட்டாத்தான் தப்பு. வசந்தம் வந்துடுச்சுன்னு அத்தனையும் வெளிய வந்துடும்."

காலை எட்டு மணிக்குக் கணப்பை மூட்டினாள். ஓக் விறகு. எட்டு மணி நேரம் நின்று எரியும் என்று எல்வுட்டே பொறுக்கிப் பொறுக்கி அடுக்கிவைத்த விறகு.

"அர்லீன்," என்றான் லியோன். "உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் உங்க நிலம். எல்வுட் 'உள்ளே வராதே' பலகை அடிச்சு வச்சிருக்காரு. கேக்காம வேலி தாண்டறவன் இல்ல நான். பின்பக்கமா இன்னிக்கே ஒரு நடை பாத்துடட்டுமா?"

ட்ரூடியின் கழுத்து திரும்பியது. ட்ரூடியின் கழுத்து அப்படித் திரும்பினால் சாயங்காலத்துக்குள் ஊரே திரும்பும். லியோன் அவளைப் பார்க்கவில்லை; அர்லீனை மட்டுமே பார்த்தான். கோபமில்லாத, கொஞ்சம் அலுத்த முகம்.

"கல்லு யாருதுன்னு நான் கேக்கமாட்டேன்," என்றான். "எனக்குப் பாம்பு வேணும், அவ்வளவுதான்."

ஒரு சொல் போதும். வா என்றால் அந்தக் கம்போடு வருவான். முப்பத்துநாலையும் ஒவ்வொன்றாகச் சாக்கில் எடுத்துப்போடத் தெரிந்த ஒரே மனிதன். அர்லீனின் வாய் திறந்தது. அரசாங்க மலையில் திருடிய கொத்தன். ஞாயிற்றுக்கிழமை, காபி, அவள் வந்ததும் நின்றுபோகும் பேச்சு. நாற்பது வருஷத் தொழில்.

"எல்வுட்டக் கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

லியோன் தலையாட்டினான். "இன்னிக்கே கேளுங்க."

இறங்கும்போது ட்ரூடி ஓய்வெடுக்க ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்தாள். அர்லீன் உட்காரவில்லை. வயிற்று வலி என்றாள். பாறைகளின் நிழலைப் பார்க்காமல் நடக்கமுடியவில்லை, பார்த்தால் நடக்கமுடியவில்லை. ஒவ்வொரு வேரும் ஒரு கணம் வேராக இல்லாமல் இருந்து, பிறகு வேரானது. கட்டிலை அரையடி தள்ளினேன், என்று நினைத்தாள். நானே தள்ளினேன். சுவர்ப்பக்கம்.

காரில் ஏறியதும் கைபேசியில் சிக்னல் ஒரு கோடு வந்தது. வீட்டு எண்ணை எடுத்தாள். மணி கேட்காத எல்வுட்டுக்காக அவர்கள் வாங்கிய தொலைபேசியில் சிவப்பு விளக்கு மின்னும். மின்னினால் பார்ப்பான். பார்த்தால் எடுப்பான். எடுக்கக் கையைத் தரைக்கு விடுவான்.

விரலை விலக்கிக்கொண்டாள்.

தீயணைப்புப் படையைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஊரிலுள்ள ஒவ்வொரு சமையலறையிலும், போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஸ்கேனர் வானொலி இரைந்து சொல்லும், ஷூப் வீடு, பாம்பு என்று. அதைவிட முன்னால், பக்கத்து இருக்கையிலேயே கேட்டுவிடும். முதலில் போய்ப் பார்ப்போம். சும்மா பார்ப்போம். ஒன்றும் இருக்காது. கல் உட்காருகிற சத்தம். அவன் சொன்னானே.

ட்ரூடி பழக்கடையில் ஆப்பிள் சாறு வாங்க வண்டியை நிறுத்தினாள். ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைக்காரியின் மகளுக்கு எப்போது பிரசவம் என்று கேட்டாள். அர்லீன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதை எண்ணுகிறாள் என்று தெரியவில்லை. முப்பத்துநாலில் நின்றது.

"உள்ள வந்து எல்வுட்ட ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்," என்றாள் ட்ரூடி, வீட்டு முனையில்.

"தூங்கியிருப்பான். நாளைக்கு வா."

"மூஞ்சியப் பாரு, பேயறைஞ்ச மாதிரி. வயித்து வலியா இது?"

"நாளைக்கு வாடி."

கார் போகும்வரை நின்றாள். புகைபோக்கியிலிருந்து நேராக, அழகாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. மூன்று மணி வெயில். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போக முதலில் நினைத்தாள். பின்பக்கப் புல்லில், ஓடையிலிருந்து வீட்டுக்கு, சன்னமாக ஒரு கோடு படிந்திருந்தது. மாடு நடந்த தடம் மாதிரி. அகலம் குறைவு.

முன்கதவைத் திறந்தாள்.

சமையலறை வெதுவெதுவென்று இருந்தது. வெயில் அறையிலிருந்து தொலைக்காட்சியின் இரைச்சல், யாரோ எதற்கோ கைதட்டினார்கள். வெள்ளரிக்காய் வாசம். இப்போது வாசமில்லை, நாற்றம்; தொண்டையில் படிந்தது. தரையைப் பார்த்தாள். எதுவும் இல்லை. ஒரு அடி. மறுபடி பார்த்தாள். ஒரு அடி. வெயில் அறைக்குப் போகும் கண்ணாடிக்கதவு சாத்தியிருந்தது. அவள்தான் சாத்திவிட்டுப் போனாள், சூடு வெளியே போகாமல் இருக்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்வுட் இருந்தான்.

உயிரோடு இருந்தான். தலையணையில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தான். மார்பு ஏறி இறங்கியது. மடியில் பாதி ரொட்டி. அர்லீன் கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை. கல்சுவர் சுவராகவே நின்றது. பாசி, மஞ்சளும் கறுப்பும், வெயிலில் பளபளவென்று.

பாசி பளபளக்காது.

அவள் சுவரைப் பார்த்தாள். மேல்வரிசையில் பாசி மெல்ல இடம் மாறியது. ஓர் இடுக்கிலிருந்து வழிந்து அடுத்த கல்லின்மேல் தங்கியது. அதன் கீழே இன்னொன்று. கணப்பைச் சுற்றி, விறகுக்கூடையில், ஜன்னல் விளிம்பில். தரையில் பாவிய நீலப்பலகைக் கல் தெரியும் இடம் குறைவாக இருந்தது. தொலைபேசியைச் சுற்றி ஒன்று. கட்டில் காலில் ஒன்று, பாதி ஏறி.

பிறகு போர்வையைப் பார்த்தாள். மாவுக்கட்டின் மேல் அவள் காலையில் ஒரு போர்வைதான் போர்த்தினாள். அது அவ்வளவு உயரமாக இருக்கக்கூடாது.

போர்வை அசைந்தது. எல்வுட்டின் கால் அசையவில்லை.

கத்தக்கூடாது. கத்தினால் எழுவான். கதவைத் திறக்கக்கூடாது. திறந்தால். லியோன் மலையில் இருக்கிறான். கம்பும் சாக்கும் மலையில். இன்னிக்கே கேளுங்க என்றான். கைபேசி. கைபேசி பையில். பை காரில். ட்ரூடியின் காரில்.

தூங்கு எல்வுட். தூங்கு.

தொலைக்காட்சியில் எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். எல்வுட் கண் திறந்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தாள். அசையாதே. உதட்டால் சொன்னாள். அசையாதே, அசையாதே. அவனுக்கு உதடு படிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னபோது, என் காதுக்கு என்ன குறை என்றவன்.

அவன் சிரித்தான். கையை உயர்த்தி, அவளுக்குத் திருப்பி ஆட்டினான்.

சத்தம் எழுந்தது. முதலில் கட்டிலிலிருந்து. பிறகு தரையிலிருந்து. பிறகு சுவர் முழுவதும், கல்லுக்குக் கல், ஆளுயரச் சுவர் மொத்தமும். கண்ணாடி அவள் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்தது. தொலைக்காட்சி அதில் மூழ்கிப்போயிற்று. அத்தனையும் சொல்லின. ஒன்றுவிடாமல் எல்லாம் மரியாதையாகச் சொல்லின.

எல்வுட்டின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"ஏன் அங்கயே நிக்கற அர்லி?" என்றான் உரத்த குரலில். "வெளிய குளிரா? வா, இங்க காலுக்கு நல்லா கதகதன்னு இருக்கு."

அவளுக்கு இடம் கொடுக்க, போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான்.